தலையணைக்குப் பக்கத்தில் ஒரு லினோலியம் துண்டு

என் மனைவிக்கு இளைப்பு உண்டு. திருவிடந்தையில் இருக்கும் எங்கள் வீட்டின் சிமெண்டுத் தரை உப்புக் காற்றில் பொரிந்து, பெருக்கினாலே தூசி கிளம்பும். அதை மூட, பெரிய கெட்டிக்காரன் போல ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி ஒட்டினேன். அந்த வாடையில் அன்று சாயங்காலமே அவளுக்கு மூச்சு அடைத்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு முறை இப்படி ஆகவிடாதே என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வந்ததும் விரிப்பைக் கிழித்துப் போட்டேன்.

நான் பெயிண்டர். டப்பா மேலே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. மூடியைத் திறந்து மோந்தால் உள்ளே என்ன என்று சொல்லிவிடுவேன். முட்டுக்காட்டில் ஒரு பங்களாவில் வேலை செய்தபோது தரையிலிருந்து அலிசி எண்ணெய் வாடை வந்தது. நாங்கள் மரத்துக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய். அந்த வீட்டம்மாவிடம் கேட்டேன். அது லினோலியம் என்கிற விரிப்பாம். பிளாஸ்டிக் இல்லாமல், அலிசி எண்ணெயும் மரத்தூளும் சேர்த்துக் கோணி மேலே செய்வதாம்.

மறுநாள் வேலை முடிந்ததும் செங்கல்பட்டில் ஒரு கடைக்குப் போனேன்.

"எல்லாம் லினோலியம்தான் அண்ணாத்த. கண்ண மூடினு எடு" என்றார் கடைக்காரர்.

கண்ணை மூடிக்கொண்டுதான் மோந்தேன். பழைய விரிப்பின் அதே நாற்றம்.

"இது பிளாஸ்டிக்குபா. பின்னாடி கோணி எங்க?"

"மோப்ப நாயி கணக்கா வந்து நிக்கிறியே!" என்று முனகிக்கொண்டே உள்ளேயிருந்து வேறொரு ரோலை இழுத்தார். பின்பக்கம் சணல் நெசவு. அலிசி வாடை. சாம்பிளுக்கு ஒரு அடித் துண்டு வாங்கினேன்.

ஆனால் இதுவும் ஒரு வாடைதானே? இவளுக்கு ஒத்துக்கொள்ளுமா?

"என் பக்கத்துல வெய்யி, பாத்துக்கலாம்" என்று அவள் கட்டிலில் படுத்தாள். துண்டு தலையணைக்குப் பக்கத்தில். இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

"இழும்மே, இழு!" என்று இன்ஹேலரை அவள் வாயில் திணித்தேன். மூடியோடு திணித்தேன். அவளே பிடுங்கி, மூடியைக் கழற்றி இழுத்தாள். நான் துண்டை வாசலுக்கு எட்டி உதைத்தேன்.

மூச்சு திரும்பியதும் என்னை முறைத்தாள்.

"யோவ், எங்கேர்ந்து வந்த?"

"சைட்டுலேர்ந்து நேரா கட. கடயிலேர்ந்து நேரா வூடு."

"சட்ட பூரா பெயிண்டு தின்னர் நாத்தம். குளிக்காம அத்த போட்டுகினு என் மூக்காண்ட குந்திகினுகீற. அந்தத் துண்டு இன்னாய்யா பண்ணிச்சி?"

இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றாள். அன்றைக்குத் துண்டு மறுபடி தலையணைக்குப் பக்கத்தில் வந்தது. சோப்பு தேய்த்து இரண்டு தடவை குளித்தும் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் ஒரு நாடகம் முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.

"ஜன்னலாண்ட புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வுடாத. நாடகம் கேக்கல."

விசில் வரவில்லை. அடுத்த நாடகமும் முடிந்தது. வரவேயில்லை.

எழுந்து உட்கார்ந்தவள், "இத்த எத்த வெச்சி ஒட்டுவாங்க?" என்றாள்.

"பசைதான்."

"அது இன்னா வாட அடிக்கும்?"

இத்தனை பெரிய மூக்கை வைத்துக்கொண்டு அது எனக்குத் தோன்றவில்லை. மறுபடியும் செங்கல்பட்டு. ரோலை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு துண்டில் பசையைத் தடவித் தரச் சொன்னேன்.

"இத்தயும் மோந்து பாக்கப் போறியா அண்ணாத்த?"

"நான் இல்லபா. வூட்ல."