கொய்யா ஈயின் தாய்வழி

லேக் மார்க்கெட்டில் அப்பா வாங்கி வந்த கொய்யாவில் பாதி புழு. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே குப்பையில் போடப் போனவரைத் தடுத்தேன். பழ ஈக்களின் இனங்களை மரபணு கொண்டு பிரித்தறியும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. அந்தப் புழுக்கள் எனக்கு வேண்டும்.

டாலிகஞ்ச் வீட்டு பால்கனியில், ஈரமணல் பரப்பிய டப்பாவில் பழங்களை வைத்து மெல்லிய துணியால் மூடினேன். புழுக்கள் மணலுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுக்களாயின. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பா, காலையில் பேப்பரைக்கூடப் பிரிக்காமல் முதலில் டப்பாவைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் குளியலறைக் கதவைத் தட்டினார்.

"வெளிய வந்துடுச்சும்மா! மஞ்சக் கோடெல்லாம் போட்டுக்கிட்டு, குட்டிக் குளவி மாதிரி இருக்கு!"

ஆய்வகத்தில் என்னுடன் வேலை செய்பவரை வங்காளி வழக்கப்படி திதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். அவர் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே இனம்தான்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு ஈயிலும் ஒரு காலை எடுத்து மரபணு வரிசையைப் படித்தபோது, ஒன்று மட்டும் வேறொரு நெருங்கிய இனத்தோடு பொருந்தியது.

"சோதனைக் குழாய் மாறியிருக்கும்" என்றார் திதி. அதே ஈயின் இன்னொரு காலை எடுத்துப் பார்த்தோம். அதே விடை.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "நாங்க படிச்ச மரபணு அம்மாகிட்டேருந்து மட்டும்தான்பா வரும்."

"அப்ப அதோட அப்பா யாரு?"

சிரிப்பு வந்துவிட்டது. "அதத்தான் அடுத்தாப்ல பாக்கப் போறோம்."

தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுக்கள் சிலவற்றைப் படித்தோம். அவை எல்லாமே மற்ற ஈக்களோடு ஒத்துப்போயின. பல தலைமுறைகளுக்கு முன் வேற்றினப் பெண் ஈ ஒன்று இந்த இனத்து ஆணோடு கூடியிருக்கலாம். அவளுடைய மற்ற மரபணுக்கள் தலைமுறைதோறும் கரைந்துபோக, அந்த ஒரு மரபணு மட்டும் தாயிடமிருந்து மகளுக்கென்று இறங்கி வந்திருக்கலாம். திதியும் நானும் டீயை ஆறவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒரு ஈயை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. இன்னும் ஈக்களைப் பிடிக்கப் பொறிகளை எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹவுராவின் கொய்யாத் தோட்டங்களுக்குப் படகில் போனோம்.

"நாமதான் பிரிச்சுப் பிரிச்சுப் பேர் வைக்கிறோம்" என்றார் திதி, ஆற்றைப் பார்த்தபடி. "அதுங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியுதோ இல்லையோ."

பொறிகளில் சிக்கியவற்றைச் சோதித்தபோது, அதே கலப்போடு இன்னும் சில ஈக்கள் கிடைத்தன.