தங்கச்சி வீட்டு ஜன்னல்

இலங்கையில், கேகாலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். விமான நிலையத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்து, இரவும் பகலும் படித்து, வளைகுடாவில் விமானியாகி, கேப்டனாக ஓய்வு பெற்றேன். மூன்று மாதம் கழித்து, என் தங்கையைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன்.

தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், அப்பா இருந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் அவள் இருக்கிறாள். முன்னால் ஒரு கதவு, பின்னால் வெறும் சுவர். அடுப்புப் புகை போக வழியில்லை. அவளுக்கு இழுப்பு. பேசும்போதே நெஞ்சு விசிலடித்தது.

டவுனிலிருந்து கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்து, பின்சுவரை உடைத்து ஜன்னல் வைக்கச் சொன்னேன். நாலு கல் பெயர்வதற்குள் தோட்டத்துக் காவல்காரர் ஓடி வந்துவிட்டார்.

“யாரக் கேட்டு ஒடைக்கிறீங்க? லயம் கம்பெனிக்குச் சொந்தம். தொர எழுத்துல குடுக்கணும்.”

“இவ முப்பது வருஷத்துக்கு மேல இங்க ரப்பர் பால் வெட்டியிருக்கா. ஒரு ஜன்னலுக்கு எழுத்து வேணுமா?”

“எனக்குத் தெரியாதுங்க. ஆபீசுக்கு வாங்க.”

முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு, புயலைச் சுற்றிப் போவதா திரும்புவதா என்று தனியே முடிவெடுத்தவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தங்கை பின்னாலேயே வந்தாள்.

தோட்டத்து மேனேஜரான துரைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. “ஆ, கேப்டன் மஹத்தயா! வாடி வென்ன” என்று சிங்களத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டான். தேநீர் வந்தது, எனக்கு மட்டும். தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாள்.

“என் தங்கச்சிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்” என்று சிங்களத்தில் சொன்னேன்.

“பரவாயில்லை, அவர்களுக்கு நின்று பழக்கம்” என்று சிரித்தான். “அனுமதியை உங்கள் பெயரில் தருகிறேன்.”

“அவள் பெயரில் கொடுங்கள். அங்கே இருப்பது அவள்.”

“அது முடியாது. அவளுக்குக் கொடுத்தால் லயம் முழுக்க வந்து கேட்கும்.”

கோப்பையைத் தள்ளிய வேகத்தில் தேநீர் அவன் காகிதங்களில் கொட்டியது. ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு வெளியே வந்தேன்.

லயத்துக்குத் திரும்பினோம். தங்கை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“அண்ணே, நீங்க கத்திட்டு கார்ல ஏறிப் போயிருவீங்க. நாளைக்கு அந்த மனுசன் மூஞ்சில முழிக்கப் போறது நானு.”

“ஒனக்காகத்தானே கத்துனேன்?”

“எனக்காகவா? ஒங்க கல்யாணத்துல என்னைய யாருன்னு சொன்னீங்க?”

‘ஊரில் தெரிந்த பிள்ளை’ என்று சொல்லியிருந்தேன். கொழும்பில் இருந்த பெண் வீட்டாரிடம், அப்பாவுக்குக் கேகாலையில் கடை இருந்தது என்றும் சொல்லியிருந்தேன். மனைவிக்கு உண்மை தெரிந்த பிறகும் அவளை இங்கே கூட்டிவரவில்லை. அவள் இறந்தும் போனாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எத்தனை முறை இறங்கியிருப்பேன்! அங்கிருந்து இங்கே மூன்று மணி நேரம்கூட ஆகாது. சாக்லேட்டும் ஹோட்டல் சோப்பும்தான் அனுப்பினேன்.

அன்று ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினேன். மறுநாள் காலையில் தங்கை தனியாக ஆபீசுக்குப் போய், வாசலில் நின்று, என் பெயரில் எழுதிய கடிதத்தை வாங்கி வந்தாள். நான் வேண்டாம் என்றேன்.

“ஒங்க ரோசத்த வச்சு என்னால மூச்சு விட முடியாது” என்றாள்.

மாலைக்குள் பாஸ் வேலையை முடித்தார். புகை வெளியே போனது. மெல்பேர்னில் இருக்கும் மகளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். போனை அத்தையிடம் கொடுக்கச் சொன்னாள். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தங்கை, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாள்.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கடிதத்தில் அவள் பெயர் எங்கேயும் இல்லை. இத்தனை வருடம் அவளை எங்கேயும் சொல்லாமல் வைத்திருந்தவன் நான் என்பதும் அந்தக் கோபத்தில் சேர்ந்துதான் இருக்கிறது.