மஹய்யாவ முத்துலிங்கமும் தட்டுமுனியும்

கண்டி நகரத்தில் நடுத்தெருவில் மண்டியிட்டுச் சம்பளம் வாங்குகிறவர் முத்துலிங்கம். நாலடி இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தார் ரோட்டில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்ட வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். மண்ணுக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது, அது ஊசித் துளையா, விரல் போகும் வெடிப்பா என்று அந்தக் கம்பி அவருக்குச் சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்து எந்த பஸ்காரனாவது ஹோர்ன் அடித்தால் தொலைந்தான். கம்பியோடு எழுந்து போய், தமிழிலும் சிங்களத்திலுமாக அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுத்தான் திரும்பி வந்து மண்டியிடுவார். மாநகர சபையில் முப்பத்திரண்டு வருடமாக இதே வேலை, இதே கோபம்.

அந்தக் கோபத்தை யாரும் குறையாகச் சொன்னதில்லை. மஹய்யாவவில் அவர் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். "அண்ணே, சுவத்துக்குள்ள ஏதோ சத்தம் கேக்குது, வந்து பாருங்க" என்பார்கள். திட்டிக்கொண்டே போவார். காதை வைப்பார். குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறதா, வால்வு தளர்ந்திருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்காமல் தூங்குகிறவன் மனுசனே இல்லை என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். இரண்டரை வருடம் அதைப் பற்றி நினைக்கவும் இல்லை.

அவர் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கிறது. பதினாறு வயதில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்டிக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். தங்கை இரத்தினம்மா லயத்திலேயே கொழுந்து பறித்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே புருசனையும் பறிகொடுத்தாள். லயத்துக்கு மேலே ஒரு காடு. காட்டுக்குள் ஓர் ஓடை. ஓடையிலிருந்து வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் குழாய் ஒன்று இறங்கி வந்து லயத்துப் பீலியில் தண்ணீர் கொட்டும். இருபத்திரண்டு குடும்பத்துக்கும் குடிக்க, குளிக்க, துவைக்க அந்தப் பீலி ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கு முன்பு அந்தக் காட்டுக்குள்ளிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. டொக். கொஞ்சம் விட்டு, டொக். மறுபடியும் டொக். பகலிலும் நிற்காது, இரவிலும் நிற்காது. மழை பெய்தாலும் அதே டொக்தான்.

எல்லோரும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பார்க்க வந்த அதிகாரி ஒருவர் ஜீப்பிலிருந்து இறங்காமலே, அது மரங்கொத்தி என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரியில் தூங்காமல் மரம் கொத்துகிற பறவையை அவர் எங்கே பார்த்தாரோ தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார், காற்றில் மூங்கில் ஒன்றோடு ஒன்று மோதுகிறது என்றார். இலை அசையாத மத்தியானத்திலும் மூங்கில் மட்டும் எப்படி மோதும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. புதையல் தோண்டுகிறார்கள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். சந்தியில் கடை வைத்திருக்கும் முஹைதீன் நானா, ஜின்னாக இருக்கும், அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

தோட்டத் தலைவர் சுந்தரலிங்கத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் கனவில் முனியாண்டி வந்து, "நான்தான் தட்டுறேன்" என்று சொன்னாராம். அவ்வளவுதான். காட்டுக்குப் போகும் பாதையின் வாயிலில் ஒரு சூலம் நட்டார்கள். ஆறு மாதத்தில் சூலத்துக்குச் சுவரும் தகரக் கூரையும் வந்தன. தட்டுமுனி என்று பெயரும் வந்தது. முனி குடியிருக்கிற காட்டுக்குள் இனி யாரும் கால் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடும் வந்தது.

முதல் திருவிழாவுக்கு முத்துலிங்கமும் போயிருந்தார். தப்பு மேளம் அடித்து ஓய்ந்த நேரத்தில் அந்த டொக் அவர் காதிலும் விழுந்தது. கையில் கம்பி இல்லை, வேட்டி கட்டியிருந்தார், நெற்றியில் விபூதி. எல்லோரும் கும்பிட்டார்கள், அவரும் கும்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு பீலியில் தண்ணீர் மெலிந்தது. முதலில் விரல் பருமன், பிறகு நூல், பிறகு சொட்டு. கடந்த ஒரு வருடமாகச் சொட்டும் இல்லை. மழை குறைந்துபோச்சு என்றார்கள். காட்டை அழித்ததால் ஓடை வற்றிவிட்டது என்றார்கள். முனிக்குப் பூசை போதவில்லை என்று சுந்தரலிங்கம் சொன்னார். பெண்கள் கேனைத் தூக்கிக்கொண்டு முக்கால் மைல் கீழே இறங்கி, பள்ளத்து ஊற்றில் தண்ணீர் பிடித்து, செங்குத்துப் பாதையில் ஏறி வந்தார்கள். கொழுந்துக்குப் போவதற்கு முன் இரண்டு நடை, வந்த பிறகு இரண்டு நடை. அப்படி ஒரு நடையில்தான் இரத்தினம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

செய்தி வந்த சனிக்கிழமை காலை முத்துலிங்கம் கட்டுகஸ்தோட்டை ரோட்டில் வேலையாக இருந்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல், கம்பியும் ஸ்பேனர் பையுமாக வத்தேகம பஸ்ஸில் ஏறிவிட்டார். லயத்துக்குப் போனால் தங்கை வலது கையில் கட்டோடு, இடது கையில் கேனைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். 

"ஒடஞ்ச கையோட எதுக்குடி தண்ணிக்குப் போற?"

"தண்ணி குடிக்காம இருக்கச் சொல்றீங்களா அண்ணே?"

முத்துலிங்கம் நேரே பீலியடிக்குப் போனார். குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. கை சும்மா இருக்காமல், பழக்க தோசத்தில் கம்பியைக் குழாய் மேல் ஊன்றிக் காதை வைத்தார்.

டொக்.

காதை எடுத்தார். காட்டுக்குள்ளிருந்து காற்றில் வந்த சத்தம் மெலிதாக இருந்தது. மறுபடியும் வைத்தார். இரும்புக்குள் அதே சத்தம் மண்டையில் அடித்ததுபோல் கேட்டது. முனியோ மரங்கொத்தியோ இருபத்திரண்டு குடும்பத்தின் தண்ணீர்க் குழாயிலா உட்கார்ந்து தட்டும்? கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. அடுத்த நிமிடமும் ஐம்பத்திரண்டு. உயிருள்ள எதுவும் இப்படிக் களைக்காமல் தட்டாது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டை நோக்கி நடந்தார்.

காட்டுப் பாதையில் சுந்தரலிங்கம் கோயில் வாசலில் நின்று மறித்தார். இன்னும் நாலைந்து பேர் கூடினார்கள்.

"உள்ள போவக் கூடாதுங்க. ஊர்க் கட்டுப்பாடு."

"இந்தக் கோயிலுக்குச் சீமெந்தும் தகரமும் யாரு குடுத்தது தலைவரே?"

"மேல மலை முகட்டுல பங்களா வச்சிருக்கிற மொதலாளிதான். வேத்து ஆளா இருந்தாலும் நம்ம சாமி மேல அவ்வளவு பக்தி அவருக்கு."

"காட்டுக்குள்ள யாரும் போவக் கூடாதுன்னு சொன்னதும் அவருதானே?"

சுந்தரலிங்கம் கொஞ்சம் தடுமாறினார். "சாமிய யாரும் தொந்தரவு பண்ணாமப் பாத்துக்கங்கன்னாரு. நல்லதுக்குத்தானே சொன்னாரு."

முத்துலிங்கம் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். எப்போதும் திட்டுகிறவர் திட்டாமல் நடந்தது அங்கிருந்தவர்களுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும், வழிவிட்டார்கள்.

இரண்டரை வருடமாக ஆள் நடக்காத பாதையில் அட்டைகள் காலில் ஏறின. குழாயைப் பிடித்துக்கொண்டே ஏறினார். கால் மணி நேரத்தில் சத்தம் கிட்ட வந்தது. ஓடை வற்றவே இல்லை. பாறைக்கு மேலே நிறைந்து ஓடி வந்த தண்ணீரை மணல் மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி அடுக்கி முழுசாக மறித்து, தொடைப் பருமனான குழாய் ஒன்றுக்குள் திருப்பியிருந்தார்கள். அந்தக் குழாயைத் தாங்குவதற்கு லயத்து இரும்புக் குழாயோடு சேர்த்துக் கம்பியால் கட்டியும் வைத்திருந்தார்கள். லயத்துக் குழாயின் வாய் காய்ந்துபோய் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

கட்டிய குழாய் பாறைச் சரிவில் இறங்கி முடியும் இடத்தில், சீமெந்துக் கட்டின்மேல் பச்சை நிறத்தில் தட்டுமுனி உட்கார்ந்திருந்தார். இரும்புப் பானை போன்ற ஒரு பம்பு. கரண்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மேலிருந்து வேகமாக வரும் தண்ணீர் வால்வை டொக் என்று அறைந்து மூடும். அந்த உதையில் ஒரு பங்குத் தண்ணீர் மலை ஏறும், மிச்சமெல்லாம் கீழே கொட்டும். உடனே வால்வு திறக்கும், மறுபடி அறையும். அந்தக் காலத்துத் துரைமார் பங்களாவுக்கு இப்படித்தான் தண்ணீர் ஏற்றினார்கள். துருப்பிடித்த ஒன்று மாநகர சபை ஸ்டோரில் இன்னும் கிடக்கிறது, வருடா வருடம் முத்துலிங்கம் அதைத் தாண்டித்தான் போய்வருகிறார்.

கொட்டுகிற தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் வீணாய் ஓடியது. ஏறுகிற தண்ணீர் கறுப்புக் குழாய் வழியாக மலை முகட்டுப் பங்களாவுக்குப் போனது. மரங்களுக்கிடையில் அதன் நீச்சல் குளம் நீலமாகத் தெரிந்தது.

அந்த நீலத்தைப் பார்த்தபோது முத்துலிங்கத்துக்கு வந்த கோபத்துக்கு எந்தப் பாசையிலும் வார்த்தை அகப்படவில்லை. கம்பியை வால்வின் வாய்க்குள் விட்டு முழுப் பலத்தோடும் அழுத்தினார். ஒரு விக்கல் விக்கிவிட்டு பம்பு நின்றது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் காடு காடாக இருந்தது. ஸ்பேனரால் போல்ட்டுகளைக் கழற்றி வால்வைப் பிடுங்கினார். பிறகு மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துத் தள்ளினார். தண்ணீர் பழைய வழிக்குத் திரும்பி, லயத்துக் குழாயின் வாய்க்குள் இறங்கியது.

அவர் இறங்கி வந்தபோது லயமே கோயில் வாசலில் நின்றது. சத்தம் நின்றதில் எல்லோருக்கும் முகம் வெளிறியிருந்தது. சாமி கோவித்துக்கொண்டதாக ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுந்தரலிங்கம் முத்துலிங்கத்தின் சட்டையைப் பிடித்தார்.

"என்னாய்யா பண்ணின? ஊரக் கெடுத்துட்டியேய்யா."

அந்த நேரம் சுந்தரலிங்கத்தின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அன்றும் அப்படியே போட்டார்.

"தலைவர், நான் பங்களா மெனேஜர் பேசுறேன். காட்டுக்குள்ள சத்தம் நின்னு போச்சு. இங்க டேங்குக்குத் தண்ணி வரல்ல. உங்க ஆளுக யாராவது உள்ள போனாங்களா?"

 சட்டையைப் பிடித்திருந்த கை தானாகக் கழன்றது. முத்துலிங்கம் வால்வைச் சூலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுதான் தட்டினது. இதுக்குத்தான் சூடம் காட்டினீங்க. நம்ம தண்ணிய எடுத்துக்கிட்டு, நாம எட்டிப் பாக்காம இருக்க நமக்கே கோயில் கட்டிக் குடுத்துட்டான். காவலுக்கு ஒரு நாய்கூட வைக்கல அவன். நாம இருந்தோம்."

சுந்தரலிங்கம் போனைப் பார்த்தார். அது இன்னும் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. கூட்டத்தில் ஒரு பெண், இடுப்பில் கட்டியிருந்த கொழுந்துப் படங்கை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, காட்டுப் பாதையில் ஏற ஆரம்பித்தாள். அவள் பின்னால் இன்னும் பத்துப் பேர் போனார்கள். கட்டின சீமெந்தை உடைத்துவிட்டுத்தான் இறங்குவோம் என்று அவர்கள் போட்ட கூச்சல் கீழே கேட்டது.

பீலியடியில் குழாய் இருமியது. காற்றைத் துப்பியது, துருவைத் துப்பியது, பிறகு தண்ணீரைக் கொட்டியது. இரத்தினம்மா கேனை வைத்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். கும்பிடுவாள், அழுவாள் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"மொதத் திருவிழாவுக்கு வந்தப்ப இந்தச் சத்தத்தக் கேட்டீங்கதானே அண்ணே?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுக் கும்பிட்டீங்க."

அவர் ஸ்பேனர் பையின் வாரை இழுத்துக் கட்டினார்.

"நாங்க படிக்காததுக. மரங்கொத்தின்னாலும் நம்புவோம், முனின்னாலும் நம்புவோம். நீங்க டவுன்ல யாரோ எவரோ வீட்டுத் தண்ணிக்கு ரோட்டுல முட்டி போட்டுக் காது வைக்கிறீங்க. எங்க லயத்துக்கு வந்தா மட்டும் அந்தக் காத எங்க கழட்டி வச்சீங்க?"

கண்டி நகரத்தில் ஹோர்ன் அடித்த ஒவ்வொருவன் மேலும் பாய்ந்தவர் இங்கேயும் யார் மேலாவது பாயலாம் என்று பார்த்தார், அவரைத் தவிர யாரும் அகப்படவில்லை. கேன் நிறைந்தது. அதைத் தூக்கக் குனிந்தார். இரத்தினம்மா கொடுக்கவில்லை. இடது கையாலேயே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.