குதிரையின் கால்

எழுபதுகளின் கடைசியில், சுங்காய்ப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். ராஜா ராணிப் படம் என்றால் மறுநாள் காலையிலேயே அண்ணனும் நானும் தொழிலில் இறங்கிவிடுவோம். பழைய நாள்காட்டித் தாளில் குதிரை, சிகரெட் பெட்டியின் தங்கத் தாளில் கிரீடம், அட்டையில் வாள். பசைக்கு யார் காசு தருவார்கள்? அம்மா பால் வெட்டும் மரங்களில் பால் வடியக் கட்டியிருந்த மங்குக் கிண்ணங்களில் மிஞ்சிய ரப்பர் பாலைச் சிரட்டையில் பிடித்து வந்து ஒட்டுவோம்.

ஒருநாள் தங்கத் தாள் கேட்கலாமென்று அம்மாவோடு தோட்டத்துச் சீனர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரரின் மனைவி பின்பக்கம் காகிதச் சட்டை, காகித வீடு எல்லாவற்றையும் நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று அம்மா மலாயில் கேட்டாள். செத்துப்போன மாமியாருக்கு, எரித்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்றார் அவர். அம்மா நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நல்ல வீடு வீணாகப் போகிறதே என்று எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் ஒரு குட்டிக் கிரீடம், அப்புறம் ஒரு காகித ஊஞ்சல். எனக்கு அண்ணன் மேல் சந்தேகம். என் கைவேலையைக் கண்டு அவனுக்குப் பொறாமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் புத்தகப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். தூங்கும்போது விரலை முகர்ந்து பார்த்தேன். கடைசியில் நேராகவே கேட்டேன்.

"நான் எடுக்கல லா. ஒன் கிரீடம் என் முழங்காலுக்குக்கூடப் பத்தாது" என்றான்.

நியாயமான பதில். அதனாலேயே சந்தேகம் கூடியது. பெரிய வாளும் வில்லன் முகமூடியும் வைத்த இடத்திலேயே இருந்தன, குட்டிச் சாமான்கள் மட்டும்தான் போயின. ரசனை கெட்ட திருடன் என்று நினைத்துக்கொண்டேன். நானே ஒளித்துவிட்டுப் பழி போடுகிறேன் என்று அண்ணன் அம்மாவிடம் கோள் சொன்னான். அம்மா யார் பக்கமும் பேசவில்லை. தம்பி போனதிலிருந்து அவள் அப்படித்தான். தவழத் தொடங்கியிருந்தவனைக் காய்ச்சலோடு ஈப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கேயே போய்விட்டான். அதன்பின் வீட்டில் யாரும் அவன் பேரை எடுப்பதில்லை.

பிறகு என் வெள்ளைக் குதிரையும் போனது. படத்தில் இளவரசனைச் சுமந்துகொண்டு ஆற்றைத் தாண்டிய குதிரை. அழுதுவிட்டேன். அன்று சாயங்காலம் குழாயடியிலிருந்து வரும்போது ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. நாங்கள் ஒட்டியது ரப்பர் பாலில் அல்லவா? மூக்கு காட்டிய வழியில் வீட்டுக்குப் பின்னால் போனேன். வாழை மரத்தடியில் அம்மா குந்தியிருந்தாள். எதிரில் ஒரு பழைய டின்னில் என் குதிரையின் தலை சுருண்டு கறுத்துக்கொண்டிருந்தது. அம்மா மெல்ல ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். படம் பார்த்துக் கெட்டுப்போகிறோம் என்று அம்மா எப்போதும் திட்டுவாள். அந்தக் கோபத்தில்தான் ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறாள் என்று முடிவு கட்டினேன். பெற்ற தாயே இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அன்றிலிருந்து அவள் சிரித்துப் பேசினால்கூட எனக்கு நம்பிக்கை வரவில்லை. செய்ததையெல்லாம் அரிசிச் சாக்குக்கு அடியில் ஒளித்தேன்.

அடுத்த படம் போட்ட மறுநாள், நான் தாள் வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, அன்னிக்குச் செஞ்ச மாதிரி இன்னொரு குதிரை செஞ்சு குடு."

எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். எதற்கென்று எனக்கா தெரியாது? மறுக்கப் பயந்துகொண்டு வேண்டா வெறுப்பாகச் செய்தேன். சாம்பலாகப் போவதற்கு இது போதும் என்று கால்களை ஏனோதானோவென்று ஒட்டினேன். அம்மா அதை வாங்கித் தரையில் நிறுத்திப் பார்த்தாள். சாய்ந்து விழுந்தது. திரும்ப என் மடியில் வைத்தாள்.

"கால நல்லா ஒட்டு. புள்ள ஏறி உக்காந்தா விழுந்துருவான்ல."

எந்தப் பிள்ளை என்று எனக்கு விளங்கவில்லை. எரியப்போகிற குதிரைக்குக் கால் எப்படி இருந்தால் என்ன என்று முனகிக்கொண்டே, சிரட்டையை இழுத்து இன்னும் கொஞ்சம் பால் வைத்தேன்.