ஊதுபத்திப் புகை போன பக்கம்

காலையில் மருமகள் ஊதுபத்தி ஏற்றும்போது எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை. பஸ் ரேடியேட்டருக்கு முன்னால் ஊதுபத்தியோடு குந்தியிருந்த எங்கள் கண்டக்டர்தான் வருகிறான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மயிலாப்பூர் குளத்தங்கரையிலிருந்து அடையாற்றுக்குத் தனியார் பஸ் ஓட்டினேன். பழைய வண்டி. அதன் சொந்த எஞ்சின் செத்துப்போக, முதலாளி ஏதோ உடைந்த லாரியின் எஞ்சினை வாங்கி மாட்டிவிட்டார். அன்றிலிருந்து கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்தால் போதும், ரேடியேட்டர் மூடி எகிறி வெந்நீர் பீறிடும். எஞ்சின் டிரைவருடையது, தண்ணீர் கண்டக்டருடையது என்பது எங்கள் தொழில் வழக்கம். எஞ்சினை மூடும் பானட்டுக்குள் அவன் கை வைக்கக் கூடாது. ஆகவே வண்டி கொதித்தால் பழி அவனுக்கு. நானும் அவனைத்தான் திட்டினேன்.

"தண்ணிய நான் குட்ச்சிட்டனா நைனா? பாலத்து மேல பறக்கசொல்ல கொதிக்குதா? கும்பல்ல நின்னாதான கொதிக்குது? ரெண்டுத்துலயும் அதே தண்ணிதான கீது?"

"நீ டிக்கெட்டக் கிழி, போ" என்றேன்.

ஒரு நாள் வெந்நீர் ஒரு பயணியின் கையைச் சுட்டுவிட்டது. யார் தப்பு என்று முதலாளி கேட்டார். அவனைக் காட்டினேன். அங்கேயே அவன் சீட்டைக் கிழித்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அவன் பெண்டாட்டிக்கு அது எட்டாம் மாதம். தெரிந்துதான் காட்டினேன்.

மறுநாள் காலை ஷெட்டுக்கு வந்தான். அடிக்க வருகிறான் என்று நினைத்தேன். "ஹேண்டில சுத்து" என்றான். எஞ்சின் ஓடியதும், வண்டியிலிருந்த சாமி படத்தில் செருகியிருந்த ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்து ரேடியேட்டர் முன் பிடித்தான். புகை உள்ளே போகவில்லை, சோம்பலாக மேலே போனது. பானட்டைத் திறந்து விசிறிக்குப் பக்கவாட்டில் பிடித்தான். லபக்கென்று இழுத்துக்கொண்டது.

"பாத்துக்க. லாரி எஞ்சின் குட்டை. ஃபேன் ஒரு சாண் தள்ளி கீது. பக்கத்துக் காத்தையே துன்னுது. பாலத்து மேல காத்து தானா பூந்துடுது, கும்பல்ல நின்னா ரேடியேட்டருக்கு இன்னா கெடைக்கும்?"

இரண்டு பேருமாக மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே கூண்டு கட்டினோம்.

"எம்மேல தப்பில்லன்னு மொதலாளிகிட்ட சொல்லிடு நைனா. காபி கிளப்பாண்ட நிக்கிறேன்."

வண்டி அப்புறம் கொதிக்கவே இல்லை. கூண்டு என் யோசனை என்று நினைத்து முதலாளி என் முதுகில் தட்டினார். பல்லை இளித்தேன். எஞ்சின் தெரியாத டிரைவர் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். வேறு காரணமே கிடையாது. மூன்று நாள் அவன் காபி கிளப் வாசலில் நின்றான். மூன்று நாளும் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். நாலாம் நாள் அவன் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அங்கே வேறு யாரோ குடியிருந்தார்கள்.

அதன்பின் எத்தனையோ பஸ் ஓட்டிவிட்டேன். எந்த நிறுத்தத்திலும் அவன் ஏறவில்லை. ஒரு தடவை "நைனா" என்று கூப்பிட்டால் போதும், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

சில நாள் மருமகளிடம் பத்தியை வாங்கி ஜன்னல் கம்பிக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். புகை வெளியே போவதில்லை. திரும்பி என் முகத்திலேயே அடிக்கிறது.