குச்சி மூழ்கிய பின் ஒரு நிமிடம்

கடந்த ஆண்டு ஒக்டோபர் மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.

காலை 4.40: வெள்ளவத்தை வீட்டிலிருந்து வாடகை வாகனத்தில் புறப்பாடு. 5.05: கொட்டாஞ்சேனையில் நண்பர் ஏறினார். 8.30: இரத்தினபுரிக்கு அப்பால், தேயிலைத் தோட்டம் முடிந்து மழைக்காடு தொடங்கும் இடம். வானம் தெளிவு. வழிகாட்டி சேர்ந்துகொண்டார். 8.50: நடை ஆரம்பம். 11.20: ஓடையைக் கடக்கும் இடம். நீர் தெளிவு, கடவைக் கற்கள் ஏழும் வெளியே தெரிந்தன. 11.41: குச்சி மூழ்கியது. 11.42: வழிகாட்டி குரல் கொடுத்தார். 11.50: ஏழு கற்களும் மறைந்தன. 12.05: திரும்பினோம். நீர்வீழ்ச்சி பார்க்கப்படவில்லை. எவருக்கும் காயமில்லை.

அன்று மாலை என் குறிப்பேட்டில் நான் எழுதிய பதிவு இது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆறுகளின் நீர்மட்டத்தையும் மழையையும் அளந்த பொறியியலாளன் நான். இப்படி எழுதியே பழகியவன். பதிவில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 11.41க்கும் 11.42க்கும் இடையில் என்ன நடந்தது என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் மனைவி பெண்கள் பாடசாலையொன்றில் புவியியல் ஆசிரியையாக இருந்தாள். நீர்வீழ்ச்சியின் குறுக்குவெட்டு முகத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவாள்: மேலே வன்பாறை, கீழே மென்பாறை, அடியில் நீர் குடைந்த குழி. அவளிடம் படித்த பிள்ளைகள் அதைப் பரீட்சைத் தாளில் வரைந்து சித்தியடைந்தார்கள். அவளோ ஒரு நீர்வீழ்ச்சியின் அடியில் போய் நின்றதே இல்லை. வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தித் தூரத்திலிருந்து பார்த்ததை அவள் பார்த்ததாகவே ஒப்புக்கொள்வதில்லை. காட்டுக்குள் நடந்து போய், முகத்தில் சாரல் படும் தூரத்தில் நிற்க வேண்டும் என்பாள். எந்த நீர்வீழ்ச்சி என்பதையும் அவளே தேர்ந்து வைத்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் கீறிக் காட்டுற அருவியை ஒருக்காவாவது கிட்டப் போய்ப் பாக்க வேண்டாமே?"

"மழை விடட்டும்" என்பேன்.

"உங்கட மழை எப்ப விடும்? உங்கட கந்தோரிலைதானே மழைக் கணக்கு முழுக்கக் கிடக்கு, கேட்டுச் சொல்லுங்கோவன்!"

அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். நான் என் காரணங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். பாசி படிந்த பாறை வழுக்கும். ஈரமண் சரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் நிற்கும் இடத்தில் வெயில் எரிக்கும்போதே மலையுச்சியில் பெய்த மழை ஓடையில் வந்து இறங்கும். இளம் பொறியியலாளர்களுக்கு இதை நான் வகுப்பெடுத்திருக்கிறேன். அவளுக்கும் எடுத்தேன்.

சென்ற ஆண்டு சித்திரையில் அவள் காலமானாள். எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தாள். அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஒக்டோபரில் அவளுடைய பிறந்தநாள் வந்தது. அன்று வீட்டில் இருக்க என்னால் இயலாது என்று தெரிந்தது. நீர்வீழ்ச்சிக்குப் போகிறேன் என்று கொட்டாஞ்சேனை நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஐம்பது ஆண்டுச் சிநேகிதம். "தனியப் போக உடமாட்டன். எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மலையகப் பெண்மணி. கிழமை நாட்களில் கொழுந்து பறிப்பவர்; ஞாயிறுகளில் ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப் போவார். எங்கள் கால்களில் சவர்க்காரத்தைத் தடவச் சொன்னார், அட்டை ஏறாமலிருக்க. அப்படியும் ஏறின.

"என்ட இரத்தத்துல சீனி கூட மச்சான்" என்றார் நண்பர், காலிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்தபடி. "இத நாளைக்கு டொக்டர்ட்ட கூட்டிட்டுப் போக வேண்டி வரும்."

அந்தப் பெண்மணி நடந்த விதம் எனக்கு மரியாதையை உண்டாக்கியது. சரிவில் புதிதாக மண் வெடித்திருக்கிறதா, மரங்கள் வழக்கத்துக்கு மாறாகச் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தே காலை வைத்தார். நான் நூல்களில் படித்து அறிந்தவற்றை அவர் போகிற போக்கில் செய்துகொண்டிருந்தார்.

பதினொன்று இருபதுக்கு ஓடையை அடைந்தோம். அதைக் கடந்து பாதை ஒரு வளைவு திரும்பினால் நீர்வீழ்ச்சி. இருநூறு அடித் தூரம் இருக்கும். மரங்கள் மறைத்திருந்தன. ஓசை மட்டும் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. இலைகளில் சாரலின் ஈரம் படிந்திருந்தது.

"சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்குங்க" என்றார் வழிகாட்டி. ஒரு குச்சியை முறித்து, நீர்விளிம்புக்கு ஒரு சாண் மேலே மணலில் குத்தினார். "தண்ணி இந்தக் குச்சியத் தொட்டுச்சுன்னா திரும்பிறணும். அப்பறம் பேச்சே கெடையாது. நான் மேல போயி தண்ணி நெறத்தப் பாத்துட்டு ஓடியாறேன். ஐயா, நீங்க குச்சிய விட்டுக் கண்ண எடுக்காதீங்க."

"ஆளத் தெரியாமச் சொல்றீங்களே" என்றார் நண்பர். "இவன் முப்பத்தஞ்சு வருசம் தண்ணிக்குள்ள குச்சி நட்டுப் பாத்தவன். அதுக்கு கவர்மென்ட் பென்சனும் குடுக்குது."

வழிகாட்டி சிரித்துக்கொண்டே கரைவழியே மேலே ஏறி மறைந்தார். நண்பர் கால்களைக் கழுவிக்கொண்டு படமும் எடுக்கலாம் என்று மூன்றாம் கல்வரை போய் நின்றார். நான் கரையில் உட்கார்ந்து குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. பிறகு நீர் தேநீரின் நிறத்துக்கு மாறியது. மண்வாடை எழுந்தது. வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்த அதே வரிசை. நீர் குச்சியின் அடியைத் தொட்டது, பாதிக்கு ஏறியது, பின்பு குச்சி தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்க தோஷம்.

நான் பேசவில்லை.

என் மனதில் ஓடியதை இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவுகூர முடியும். கற்கள் இன்னும் மறையவில்லை. இருநூறு அடிதான். இப்போதே எழுந்தால் கடந்துவிடலாம். குரல் கொடுத்தால் இன்றைக்கும் இல்லை, இனி என்றைக்கும் இல்லை. எழுந்து முதற் கல்லில் காலை வைத்தேன். நண்பர் திரும்பிப் பார்த்தார். நீர்மட்டம் பார்க்கத் தெரிந்தவனே வருகிறான் என்றால் பயமில்லை என்று எண்ணியிருக்க வேண்டும். நான் வருவதற்கு இடம்விட்டு அவர் நான்காம் கல்லுக்குத் தாவினார்.

"ஐயா! ஏறுங்க! தண்ணி வருது, கரைக்கு ஏறுங்க!"

அந்தப் பெண்மணி சரிவில் உட்கார்ந்து வழுக்கியபடியே கீழே வந்தார். என்னைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டு நீரில் இறங்கினார். இடுப்பளவு நீர். திரும்பிப் பாய்ந்த நண்பருக்கு இரண்டாம் கல்லில் கால் வழுக்கிற்று. விழுந்தவரின் இடுப்புப் பட்டியை அந்தப் பெண்மணி ஒரு கையால் பற்றிக்கொண்டார். பெண்மணியின் மற்றக் கையை நான் பற்றி இழுத்தேன். என் பங்குக்கு நான் செய்தது அவ்வளவே. மூவரும் கரையில் விழுந்தோம். நண்பரின் ஒரு சப்பாத்து போய்விட்டது. எட்டு நிமிடங்களில் ஓடை முழுவதும் சேற்று நிறமாகி, வேரோடு ஒரு மரத்தைப் புரட்டிக்கொண்டு போனது. எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வழிகாட்டி குச்சி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் தாழ்வாரத்தில் இருத்தி எங்களுக்குப் பிளேன் டீ தந்தார். நண்பர் பின்புறம் உடை மாற்றப் போயிருந்தார். யாரும் கேட்காமலே நான் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். கேட்டு முடித்தபின் அவர் மெதுவாகச் சொன்னார்:

"இந்த மாசத்துல இங்க யாருங்க வருவா? மாசியில வந்தீங்கன்னா தண்ணி மொழங்காலுக்குத்தான். கொழந்தகுட்டியத் தூக்கிக்கிட்டுப் போவாங்க. அம்மாவ ஒரு மாசியில கூட்டியாந்திருக்கலாமே, ஐயா?"

அதில் குத்தல் இல்லை. உண்மையான இரக்கத்தோடுதான் கேட்டார். நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிரதேசத்தில் பெப்ரவரி வறண்ட மாதம் என்பதை எனக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. அதன் மழைப்பதிவுகளைத் தொகுத்துக் கையொப்பமிட்டவனே நான். எங்கள் திருமண வாழ்வில் முப்பத்தெட்டுப் பெப்ரவரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அறிக்கையோ கூட்டமோ களைப்போ எனக்கு இருந்தது. அவற்றைச் சொல்ல வெட்கப்பட்டு மழையைச் சொல்லி வந்திருக்கிறேன். அபாயம் இல்லாத காலமெல்லாம் அவளை வீட்டில் இருத்தினேன். அவள் போனபின், அபாயத்தைக் கண்ணால் கண்டுகொண்டே, என்னை நம்பிய ஒருவரை ஓடைக்குள் அடுத்த கல்வரை இழுத்தேன்.

திரும்பி வரும் வழியில் வாகனத்துக்குள் நண்பர் கேட்டார்: "மச்சான், நீ குச்சியப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"ஓம், பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றேன்.

"அப்ப அவ்வளவு கெதியா ஏறியிருக்கு" என்று சொல்லி, சப்பாத்தில்லாத காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உறங்கிப்போனார். கொட்டாஞ்சேனையை நெருங்கும்போது உண்மையைச் சொல்ல நான் ஒருமுறை வாயெடுத்தேன். எழுப்ப மனம் வரவில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

நண்பரிடம் அந்த ஒரு நிமிடத்தைச் சொல்வது. இதைப் படித்து அவர் அறிந்துகொள்ளக்கூடும். அது நான் சொன்னதாகாது.

வழிகாட்டி அம்மையாருக்குக் கடிதம். உறையில் முகவரி எழுதியாயிற்று. முதல் வரி வரவில்லை.

அவளுடைய புவியியல் நூல்களைப் பாடசாலைக்குக் கொடுப்பது.

நீர்வீழ்ச்சிக்குப் போவது. இவ்வாண்டு பெப்ரவரியில் அந்தப் பக்கம் மழை இல்லை. நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. போனால் அதுவும் முடிந்துவிடும். அவளும் நானும் சேர்ந்து செய்வதற்கு இன்னும் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.