சட்டைப் பையில் இருந்த சீட்டு

பத்தாவது தேறாதவன் நான். நாலு பேர் முன்னால் பேச நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நேரம். விழுப்புரத்திலிருந்து வடக்கனந்தலில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்திருந்த அக்கா புருஷன், திரும்பிப் போக பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார். முதல் நாளே மாமா என்னைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போய் ஒரு சீட்டைக் கொடுத்தார். இரண்டு மாதம் முன்பு அவருக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. டால்டா, வெண்ணெய், ஆட்டுக் கொழுப்பு கூடாது, எண்ணெய் கொஞ்சமாக என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"அத்தைகிட்ட படிச்சிக் காட்டிடு மச்சான். மாப்ளன்னு வந்துட்டு அது வேணாம் இது வேணாம்னு நானே சொன்னா நல்லாருக்காது."

தலையாட்டினேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சின்னம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மருமவனுக்குக் கீரையா? மரந்தான வெட்டிப் போட்டிருக்காங்க. ஆடு வெட்டக் கூடாதுன்னு எவனாவது சொன்னானா?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. இப்போது சீட்டைப் படித்தால் சின்னம்மா ஊரெல்லாம் சொல்லுவாள், பிறகு படிக்கலாம் என்று இருந்துவிட்டேன். பொய் எதற்கு, கறி என்றதும் எனக்கும் நாக்கு ஊறியது.

அன்றைக்கு ஆட்டுக்கறி. மறுநாள் டால்டா விட்ட பிரியாணி. "கொழுப்பாப் பாத்து வச்சிருக்கேன், சாப்புடுங்க மாப்ள," என்று அம்மா அள்ளி வைத்தாள். ஒவ்வொரு முறையும் மாமா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தேன். அவர் இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் இலையை மடித்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டிராக்டரில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சு வலி என்றதும் மறியலில் இருந்தவர்களே மரத்தை இழுத்து வழி விட்டார்கள்.

ஊசி போட்டு, ஆபத்து இல்லை என்ற பிறகு டாக்டர் எங்களிடம் வந்தார்.

"ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. அது மேல ரத்தம் உறைஞ்சி அடைச்சிக்கிச்சி. ஒரு நாள்ல வர்ற நோவு இல்ல இது. ஆனா இவரு வாயக் கட்டணும். மூணு நாளா இன்னா சாப்ட்டாரு?"

அம்மா வாயைத் திறந்தாள்.

"கஞ்சியும் கீரையுந்தான் சார்," என்று நான் முந்திக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எனக்குப் பேச்சு வந்ததில்லை.

"முன்ன பாத்த டாக்டர் சீட்டு ஏதாவது இருக்குதா?"

"இல்லீங்க."

மாப்பிள்ளைக்குக் கொழுப்பை ஊட்டிய பழியிலிருந்து தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று அம்மா நினைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சீட்டு அப்போதும் பையில்தான் இருந்தது. கதவு திறந்திருந்தது. கட்டிலில் கிடந்த மாமா என்னையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மரங்களை அப்புறப்படுத்தி பஸ் விட்டார்கள். அக்கா வந்தாள். "அம்மா வூட்டுல இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். கீரை என்றார் மாமா.